தொட்டிக்குள் ஒரு காடு: கேள்வி-பதில்

இணையத்தில் பார்த்த காட்டுத் தொட்டி மாதிரியே எனக்கும் வேண்டும். எந்தச் செடி வாங்கலாம்?
– அவசரக்காரர், அம்பத்தூர்

செடிக்கு முன்னால் கட்டை வாங்குங்கள். முறுக்கேறிய வேர்க்கட்டை ஒன்று இருந்தால்தான் அது காடு, இல்லாவிட்டால் கீரைப்பாத்தி. கட்டையை வேகவைத்து, அது மூழ்கும்வரை ஊறப்போடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். செடிகளில் அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், ஜாவா பாசி ஆகிய நான்கும் போதும். நான்குமே குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கும், மெதுவாகத்தான் வளரும். நீங்கள் பார்த்த படம் தொட்டி நன்றாக அடர்ந்த பிறகு எடுத்தது. அதற்கு முந்தைய மாதங்களை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

கடையில் ‘தண்ணீரிலேயே வளரும் அதிர்ஷ்ட மூங்கில்’ என்று கொடுத்தார்கள். முழுக்க மூழ்க வைத்தேன். மஞ்சளாகிறதே?
– நம்பிக் கெட்டவர், மதுரை

அது மூங்கிலும் இல்லை, நீர்ச்செடியும் இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா. அதிர்ஷ்டம் மட்டும் உண்மை, ஆனால் அது விற்றவருக்கு. இலைகளைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்தி, வேரை மட்டும் உள்ளே விடுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

அனுபியாஸ் சாகவே சாகாது என்றார்கள். என்னுடையது செத்துவிட்டது.
– சாதனையாளர், சேலம்

மணலில் புதைத்திருப்பீர்கள். அனுபியாஸைக் கையில் எடுத்துப் பாருங்கள்: படுக்கைவாக்கில் சுண்டுவிரல் பருமனில் பச்சைத் தண்டு ஒன்று ஓடும். மேல்பக்கம் இலை, கீழ்ப்பக்கம் வேர். அந்தத் தண்டு மண்ணுக்குள் போனால் அழுகும். கட்டை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று அமுங்கி நாறினால், அந்தப் பகுதியை நல்ல தண்டு தெரியும்வரை வெட்டி எறியுங்கள். மிச்சத்தைப் பருத்தி நூலால் கட்டையோடு கட்டலாம். ஃபெவிக்விக் வகைப் பசை ஒரு சொட்டு வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு மீனுக்குக் கெடுதல் இல்லை. ஜாவா ஃபெர்னுக்கும் இதே சட்டம்தான்.

ஜாவா ஃபெர்ன் இலைக்கு அம்மை போட்டிருக்கிறது! அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள்.
– கவலையில், காரைக்குடி

அம்மை இல்லை, பிள்ளைப்பேறு. அந்தப் புள்ளிகள் வித்துக்கூடுகள். முதிர்ந்த இலைகளில் குட்டிச்செடியும் முளைக்கும். வேர் விட்டதும் கிள்ளி, கட்டையின் வேறொரு இடுக்கில் செருகுங்கள்.

கிரிப்டோகோரைன் நட்ட ஒரே வாரத்தில் கரைந்து கூழாகிவிட்டது. பிடுங்கிப் போடவா?
– கைராசியில்லாதவர், கடலூர்

கையை எடுங்கள். பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே வளர்க்கிறார்கள். உங்கள் தொட்டியில் மூழ்கியதும் பழைய இலையை உதிர்த்துவிட்டு நீருக்கேற்ற புது இலை விடும். கடைகளில் அதிகம் கிடைக்கும் வென்டியை, பெக்கெட்டியை இரண்டும் இலங்கை ஓடைக்கரைச் செடிகள். மழைக்காலத்தில் மூழ்கி, கோடையில் வெளியே நின்று பழகிய இனம். வேர் உயிரோடு இருக்கும். சில வாரங்களில் துளிர்க்கும். ‘பிழைத்ததா?’ என்று தினம் பிடுங்கிப் பார்ப்பவர்களிடம் மட்டும் பிழைக்காது.

சிவப்புச் செடி இல்லாமல் தொட்டி சோகையாக இருக்கிறது. ரொட்டாலா மக்ராண்ட்ரா வைக்கலாமா? போர் தண்ணீர்தான்.
– வண்ணப்பிரியர், வேளச்சேரி

மக்ராண்ட்ரா நம் தென்னிந்தியச் செடிதான். ஊர்க்காரர் என்பதற்காக உப்புத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளாது. மென்மையான நீர், பலமான விளக்கு, சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு எல்லாம் கேட்கும். காட்டின் அழகு நிழலில் இருக்கிறது என்பது என் கட்சி. வென்டியையின் பழுப்பு வகை ஒன்றைக் கட்டை நிழலில் வையுங்கள், சோகை போய்விடும்.

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி. என்ன செய்ய?
– வெந்தவர், வேலூர்

மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறி ஒன்றைத் திருப்பி வையுங்கள். நீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள். வெயிலில் முதலில் சோர்வது பாசி. அனுபியாஸ் நம்மைவிட நன்றாகத் தாங்கும்.

இலையெல்லாம் கறுப்புத் தாடி முளைத்திருக்கிறது. விளக்கு 12 மணி நேரம் எரிகிறது. டேங்க் கிளீனர் மீன் விடலாமா?
– பாசி பிடித்தவர், பெரம்பூர்

டைமர் வாங்கி ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். மெதுவாக வளரும் செடிக்கு வேண்டாத வெளிச்சத்தைத்தான் அந்தத் தாடி தின்று வளர்கிறது. தாடி பிடித்த இலைகளை வெட்டுங்கள். டேங்க் கிளீனர் ஒரு அடிக்கு மேல் வளர்ந்து செடியை உழுதுவிடும். வேண்டுமானால் அமானோ இறால் விடுங்கள். இந்தத் தொட்டிக்கலைக்கு உலகெங்கும் ஆள் சேர்த்த ஜப்பானியப் புகைப்படக்காரர் தகாஷி அமானோவின் பெயர் கொண்டது. அவர் கடைசியாக லிஸ்பன் மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டிக்குள் காடு அமைத்தார். திறந்தது 2015இல், அவர் மறைந்ததும் அதே ஆண்டில். இறால் நூல்பாசியை நன்றாக மேயும். கறுப்புத் தாடியை அரைமனதோடுதான் கடிக்கும்.

வெட்டிய செடிகளைப் பக்கத்து ஏரியில் விட்டால் புண்ணியம்தானே?
– தர்மவான், தாம்பரம்

ஆகாயத்தாமரையைப் பார்த்தபிறகுமா? 2020இல் கோழிக்கோட்டுப் பக்கம் ஆவளப்பாண்டியில் ஒரு நீரோடையே இளஞ்சிவப்பாகப் பூத்து, ஊரே திரண்டு படம் எடுத்தது. பூத்தது கபோம்பா, தென் அமெரிக்காவிலிருந்து வந்த தொட்டிச்செடி. படத்துக்கு அழகு; ஓடையின் சொந்தச் செடிகளுக்கு மூச்சுமுட்டல். மொட்டைமாடியில் சருகாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இவ்வளவு செலவழித்தாயிற்று. “மீன் எங்கே?” என்கிறார் மனைவி.
– பதிலில்லாதவர், பல்லாவரம்

கட்டைக்குப் பின்னால் இருக்கும். சாப்பாடு போடும் நேரத்தில் அவரைக் கூப்பிடுங்கள். கூடவே ஹார்லிக்வின் ராஸ்போரா பத்து விடுங்கள். கூட்டமாக இருந்தால் தைரியமாக முன்னால் வரும். செலவுக் கணக்கை மட்டும் கட்டைக்குப் பின்னாலேயே விட்டுவையுங்கள்.