அன்றைய இன்று

1987-இல் வெளியான 'க்துல்ஹு நவ்', 'கால் ஆஃப் க்துல்ஹு' ஆட்டத்தின் தற்காலக் கதைகளுக்கான துணைநூல். அந்தத் தற்காலத்தில் எல்லார் கையிலும் செல்பேசி இல்லை, கூகுள் இல்லை, சோவியத் ஒன்றியம் இருக்கிறது. என் அக்கா மகளும் அவளுடைய நண்பர்களும் அதைப் புரட்டும்போது, ஆட்டத்தின் வழக்கமான களமான 1920-களைப் போல அதுவும் அவர்களுக்குப் பழங்காலம். ஒரு விவரம் வேண்டுமென்றால் கிளம்பிப் போய் மைக்ரோஃபிலிம் சுருளை ஓட்டிப் பார்க்க வேண்டும், நண்பர் வீட்டில் இல்லையென்றால் அவரை எச்சரிக்க வழியே கிடையாது என்பதையெல்லாம் நான் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது. கேட்டு முடித்ததும் அவர்கள் முகத்தில் உண்மையான கலக்கம் தெரிகிறது. எங்கள் தலைமுறைக்குச் சாதாரணமாக இருந்த தனிமை இவர்களுக்குத் திகிலாகப் படுகிறது.

'கால் ஆஃப் க்துல்ஹு' மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடும் ஆட்டம். 1981-இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர் சாண்டி பீட்டர்சன். கதையை நடத்துபவர் கீப்பர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம் ஏற்பார்கள்: நிருபர், பேராசிரியர், மருத்துவர், துப்பறிவாளர். தம் ஆள் என்ன செய்கிறார் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்கிறதா என்பதை நூறு வரை எண் காட்டும் பகடைகள் தீர்மானிக்கும். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளிலிருந்து எழுந்த ஆட்டம் என்பதால் இதில் வெற்றி என்பது சிறியது. மனிதனைப் பொருட்படுத்தாத பேருருவங்கள் அண்டத்தில் இருக்கின்றன. அவற்றை ஒழிக்க முடியாது, இன்னும் சில வருடங்களுக்குத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். உடல் வலிமைக்குப் புள்ளிகள் இருப்பதுபோல மனத்தெளிவுக்கும் புள்ளிகள் உண்டு. அதைச் சானிட்டி என்பார்கள். காணக்கூடாததைக் கண்டால் அது குறையும். அந்தப் பேருருவங்களில் ஒன்றான க்துல்ஹுவையே நேரில் கண்டால் ஒரே வீச்சில் நூறு புள்ளி வரை போகலாம். அதைவிடக் கொடுமையான விதி ஒன்று உண்டு: அந்த உண்மைகளைப் பற்றிய அறிவு கூடக் கூட, ஒருவருக்கு இருக்கக்கூடிய தெளிவின் உச்சவரம்பே கீழிறங்கும். அறிவு வளர்வதற்குத் தெளிவை விலையாகக் கேட்கும் இன்னோர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேற்படிப்புக்காகப் போன ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக நகரத்தில் எனக்கு இது அறிமுகமானது. பனிக்காலச் சனிக்கிழமைகளில், மாணவர் விடுதியின் நிலவறையில், ஜெராக்ஸ் எடுத்த கேரக்டர் தாள்களோடு உட்காருவோம். எங்கள் கீப்பர் பழைய கடிதங்களையும் தந்திகளையும் தானே எழுதி, தேநீரில் நனைத்து உலர்த்திப் பழுப்பாக்கிக் கொண்டுவருவார். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பற்று வந்ததற்கு முதல் காரணம் அதில் வரும் நூலகம். வாளும் மந்திரமும் வேறு ஆட்டங்களில் உண்டு. இங்கே நூலகத்தில் தேடத் தெரிவது ஒரு தனித் திறன், அதற்கென்று ஒரு சதவீதம். புதிதாக ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் நடத்தப்படும் 'த ஹான்டிங்' கதையில் பாஸ்டன் நகரத்தில் ஒரு வீடு இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்தின் பழைய தாள்களையும் நகர ஆவணங்களையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கே உயிர் தப்பும் வாய்ப்பு கூடுதல். நேரே கதவைத் தட்டுகிறவர்கள் பாவம்.

அந்தப் பழக்கம் ஆட்டத்துக்கு வெளியிலும் எங்களைத் தொற்றிக்கொண்டது. அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்க எத்தனை நாள், தந்தியில் ஒரு சொல்லுக்கு என்ன கட்டணம் என்று தெரிந்துகொள்ள நிஜமான நூலகத்தில் நிஜமான பத்திரிகைத் தொகுப்புகளைப் புரட்டினோம். இன்று என் மருமகள் கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். எனக்கு அதில் வருத்தமில்லை. தேடுவது எளிதான பிறகு இவர்கள் கேட்கும் கேள்விகள் எங்கள் கேள்விகளைவிட ஆழமாகியிருக்கின்றன. நாங்கள் கப்பல் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டோம். இவர்கள் அந்தக் கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டவர்கள் யார் என்று கேட்கிறார்கள்.

அந்த நிலவறையில் நாங்கள் மாதக்கணக்கில் ஆடியது 'மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லத்தொடெப்'. லாரி டிடிலியோவும் லின் வில்லிஸும் எழுதி 1984-இல் வந்த நெடுங்கதை. 1925 ஜனவரி, நியூயார்க்கில் ஒரு கொலையோடு தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகைச் சுற்றும். தடயங்களை எந்த வரிசையிலும் பின்தொடரலாம். எந்த நகரத்துக்கு முதலில் போவது என்பது ஆடுபவர்கள் கையில். மேசை ஆட்டத்துக்காக எழுதப்பட்டவற்றில் இதற்கு இணையாக மிகச் சிலவற்றையே சொல்வேன். ஆனால் அன்றைய பதிப்பின் உலகத்தில், வெள்ளையரல்லாத ஒருவர் கதைக்குள் வந்தால் பெரும்பாலும் சுமை தூக்க வருவார், அல்லது பலி கொடுக்க வருவார். நியூயார்க் பகுதியில் தீயவழிபாட்டுக் கும்பலின் இடம் ஹார்லெமில் உள்ள ஒரு கடை. கறுப்பின மக்களின் இலக்கியமும் இசையும் ஓவியமும் பூத்துக் குலுங்கிய அதே ஆண்டுகளின் அதே ஹார்லெம், அந்தக் கதைக்கு ஓர் இருட்டுச் சந்தாக மட்டும் போதுமானதாக இருந்தது. எனக்கு அமைந்த கதாபாத்திரம் இந்தியாவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் ராணுவ கேப்டன். மேசையில் இருந்த ஒரே இந்தியன் நான்.

இதற்கு வேர் லவ்கிராஃப்டிடமே இருக்கிறது. 1890-இல் பிராவிடன்ஸில் பிறந்து 1937-இல் அங்கேயே இறந்தவர். 1924 முதல் 1926 வரை புரூக்ளினில் வாழ்ந்தபோது தெருவில் கண்ட குடியேறிகளின் மேல் அவருக்கு வந்த அருவருப்பு, 'த ஹாரர் அட் ரெட் ஹூக்' கதையில் மறைவில்லாமல் கொட்டியிருக்கிறது. அவர் கற்பனையின் பரப்பை நான் மனமார மதிக்கிறேன்; அந்த வெறுப்பை மன்னிக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. உலக மிகுபுனைவு விருதுக்கு அவருடைய தலைச்சிலையைக் கொடுத்துவந்த வழக்கத்தை 2015-இல் கைவிட்டார்கள். சரியான முடிவு.

மாற்றம் ஆட்டத்துக்குள்ளிருந்தே வந்ததுதான் எனக்கு மகிழ்ச்சி. 2017-இல் கிறிஸ் ஸ்பைவி 'ஹார்லெம் அன்பவுண்ட்' நூலைக் கொண்டுவந்தார். அதே 1920-கள், அதே ஹார்லெம். இம்முறை கதாநாயகர்கள் அந்தத் தெருவின் மனிதர்கள். கவிஞர்கள், இசைக்கலைஞர்கள், சலூன்காரர்கள். யாரிடம் பேசும்போது தோலின் நிறம் குறுக்கே நிற்கும் என்பதைக்கூட ஒரு விதியாக எழுதி, ஆடுபவர்களைக் கணக்கில் எடுக்க வைத்தார். 2020-இல் அதன் இரண்டாம் பதிப்பைக் கேயாசியமே வெளியிட்டது. அதற்கு முன், 2018-இல், 'மாஸ்க்ஸ்' நெடுங்கதையும் திருத்தி விரிவாக்கப்பட்டு, 1921-இல் பெருவில் நடக்கும் ஒரு முன்கதையோடு வந்தது.

லவ்கிராஃப்டின் 'த கால் ஆஃப் க்துல்ஹு' 1928 பிப்ரவரியில் 'வியர்டு டேல்ஸ்' இதழில் வந்த கதை. 1925 மார்ச் மாதம் கடலடி நகரமான ரிலியே மேலெழும்புகிறது. உறக்கத்தில் கிடக்கும் க்துல்ஹுவின் கனவு உலகெங்கும் மனங்களைத் தாக்குகிறது. அதற்குச் சான்றாக ஒரு பேராசிரியர் சேர்த்துவைத்த செய்தித்தாள் துணுக்குகள் வருகின்றன. அவற்றில் ஒன்று இந்தியாவைப் பற்றியது: மார்ச் இறுதியில் அங்கே உள்ளூர் மக்களிடையே கடுமையான கொந்தளிப்பாம். கதையில் இந்தியாவுக்குக் கிடைத்த இடம் இவ்வளவே, நம் கொந்தளிப்பு ஒரு பூதத்தின் கனவினால் வந்த காய்ச்சல். நிஜமான 1925 மார்ச்சில் வைக்கம் போராட்டம் ஓராண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. காந்தி அந்த மாதம்தான் வைக்கம் வந்தார். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடந்துபோக வேண்டும் என்று கேட்டவர்கள், கனவு கண்டு வெறிபிடித்தவர்கள் இல்லை. அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது. ஆண்டு முடிவதற்குள் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. ஒரு வரலாற்றுக் காலத்தை ஆட்டத்துக்குக் களமாக எடுத்துக்கொள்வது என்றால், அந்தக் காலத்து மனிதர்களுக்கு அவர்களுடைய காரணங்களைத் திருப்பிக் கொடுப்பது. என் வரையில் இதைவிட முக்கியமான கடமை கீப்பருக்கு இல்லை.

அதனால்தான் இப்போது சென்னையில் நான் நடத்தும் கதைக்கு 1925-இன் மதராஸைத் தேர்ந்தெடுத்தேன். வலிந்து இழுத்துவந்த களம் இல்லை இது. பேராசிரியரின் அதே துணுக்குகளில் பிரம்மஞானிகளும் வருகிறார்கள். அவர்களுடைய உலகத் தலைமையகம் 1882 முதல் அடையாறு. 1925 டிசம்பரில் அங்கே பிரம்மஞான சங்கத்தின் பொன்விழா. ஆலமரத்தடியில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசிக்கொண்டிருக்கும்போது, வரப்போகும் உலக ஆசிரியரே அவர் வாய்வழியே பேசியதாகக் கூட்டத்தில் பலர் நம்பினார்கள். எனக்குப் புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. ஓலைச்சுவடிகள் நிறைந்த அடையாறு நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஈரோட்டில் அந்த ஆண்டு மே மாதம்தான் 'குடி அரசு' இதழ் தொடங்கியிருந்தது. என் மருமகளின் ஆள் மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு பெண் டாக்டர். அவள் நண்பன் ஒருவனின் ஆள் ஜார்ஜ் டவுன் அச்சகத்தில் அச்சுக்கோப்பவர், சேரியிலிருந்து வருபவர்.

கதையில் ஒரு சாட்சி, பிராமணாள் காபி ஹோட்டல் ஒன்றில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பையன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அங்கிள், என் ஆளை உள்ள விடுவாங்களா?"

"விடமாட்டாங்கப்பா."

"நான் நல்ல நம்பர் போட்டாக்கூடவா?"

"அதுக்குப் பகடையே கிடையாது."

மருமகள் குறுக்கிட்டாள். "அப்ப சாட்சிய வெளிய வரவைக்கலாம் மாமா. அவரு வந்துதான் ஆகணும்." சாட்சியைத் தெருவுக்கு வரவழைக்க அவர்கள் போட்ட திட்டத்திலேயே அன்றைய மாலை முழுவதும் போனது. பூதம் எதுவும் வரவில்லை. யாரும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மற்றக் காலங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1890-களின் லண்டனுக்கு 1986-இலேயே 'க்துல்ஹு பை கேஸ்லைட்' வந்துவிட்டது. கி.பி. 1000-ஐ ஒட்டிய ஐரோப்பாவுக்கு ஒரு நூல், ரோமப் பேரரசுக்கு ஒன்று, பிரெஞ்சுப் புரட்சியின் பாரிஸுக்கு ஒன்று. ஜப்பானில் தங்கள் தாய்ஷோ காலத்திலும் ஆடுகிறார்கள். உடையையும் ஆயுதத்தையும் மட்டும் மாற்றிய நூல்கள் எனக்கு அலுத்துவிடும். எழுத்தறிந்தவர்களே அரிதான ஒரு காலத்தில், தீய நூல் ஒன்று கிடைத்தால் அதை யாரிடம் படிக்கச் சொல்வது, படித்தவர் சொல்வதை எப்படி நம்புவது என்று யோசிக்க வைக்கும் கதைதான் தன் காலத்தில் நிற்கிறது. தற்காலக் கதைகளில் செல்பேசிக்குச் சிக்னல் இல்லை என்று ஆக்கிவிட்டு 1920-களுக்குத் திரும்பிப் போகிறவர்கள் தங்கள் காலத்தைப் பார்க்க மறுக்கிறார்கள் என்பேன்.

மனத்தெளிவை நடத்தும் விதமும் மாறிவிட்டது, மிக நல்ல விதமாக. அன்று புள்ளி போனால் அட்டவணையைப் பார்த்து ஓர் அச்சத்தை ஒட்டிக்கொள்வோம்: பூனை பயம், உயர பயம். 1997-இல் துணைநூலாகப் பிறந்த 'டெல்டா கிரீன்', 2016-இல் தனி ஆட்டமாக வந்தபோது வேறொரு வழியைக் கண்டது. அதில் ஒவ்வோர் ஆளுக்கும் மனைவி, மகன், பழைய நண்பர் என்று உறவுகள் எண்ணோடு எழுதப்பட்டிருக்கும். கண்டதன் அதிர்ச்சியைக் குறைத்துக்கொள்ள விரும்பினால், அந்த உறவுகளில் ஒன்றின் எண் குறையும். அதாவது வீட்டுக்குப் போய்க் காரணம் சொல்லாமல் கத்துவார், பேசாமல் படுத்துக்கொள்வார். எங்கள் குடும்பங்களிலும் இப்படித் திரும்பி வந்த ஆண்களைப் பார்த்திருக்கிறோம். ஆடத் தொடங்கும் முன், எது யாருக்குத் தாங்காது என்று பேசிக்கொள்ளும் பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. நிலவறையில் நாங்கள் அப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால், கதை நடுவே எழுந்துபோய் மறுபடி வராத ஒரு நண்பர் எங்களோடு தொடர்ந்திருக்கக்கூடும்.

1920-கள் லவ்கிராஃப்டுக்குப் பழங்காலம் இல்லை, அவர் வாழ்ந்த நாள். 1930-இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட செய்தியைச் சூட்டோடு சூடாகத் தன் கதையில் சேர்த்தவர் அவர். அன்டார்க்டிகப் பயணங்கள் நடந்துகொண்டிருந்தபோதே அந்தப் பனிக்கடியில் என்ன இருக்கும் என்று எழுதினார். அன்றைய அறிவியல் திறந்த கதவுகளில் நின்றுதான் அவர் நடுங்கினார். மூழ்கிய லெமூரியாவைப் பற்றிய ஸ்காட்-எலியட்டின் நூலையும் அந்தப் பேராசிரியரின் தாள்களில் வைத்திருக்கிறார். அதே லெமூரியாவைத்தான் நம்மவர்கள் குமரிக்கண்டமாகத் தேடினார்கள். 1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர்களின் பரவலை விளக்க முன்வைத்த ஊகம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று உறுதியான பிறகு அறிவியல் அதைக் கைவிட்டது. கடலடியில் ஒரு நகரம் என்றால் பிராவிடன்ஸ்காரருக்கு அது மேலே வந்துவிடுமோ என்று பயம். நமக்கோ அது போய்விட்டதே என்று துக்கம். இந்தத் துக்கத்தை ஒரு கதையாக நடத்திப் பார்க்க எனக்கு நெடுநாளாக ஆசை.

ஆனால் அதற்கு முன் கொடைக்கானல். 1909, சூரிய ஆய்வகம். ஜான் எவர்ஷெட் அந்த ஆண்டில்தான், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டுபிடித்தார். எங்கள் அடுத்த கதை நடப்பது, அவருடைய ஒளிப்படத் தட்டுகளைக் கழுவி உலர்த்தி எண் எழுதிவைக்கும் உள்ளூர் உதவியாளர்களிடையே. ஒரு தட்டில் மட்டும் பாய்ச்சல் தலைகீழாக இருக்கிறது. அதை மேலே சொல்வதா, தாங்களே வைத்துக்கொள்வதா என்று அவர்கள் முடிவுசெய்ய வேண்டும். மருமகள் தன் ஆளின் தாளை இப்போதே எழுதிவிட்டாள். சம்பளம் எவ்வளவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம் வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.