தொள்ளாயிரம் அடி வானத்தில்

(−3) + (−5) = 8.

ஏழாம் வகுப்பு நோட்டில், முத்து முத்தான கையெழுத்தில், அடியில் இரண்டு கோடு போட்டு இப்படி எழுதியிருந்தது. கோவை கணபதியில் குடியிருக்கும் இந்தக் கட்டுரைக்காரர் போன வாரம் அதைப் பார்த்தார், இன்னும் ஆறவில்லை. பேத்தியோ அசரவில்லை. "மைனசும் மைனசும் ப்ளஸ்ஸுங்க அப்புச்சி. அப்பாதான் சொன்னாங்க." அப்பா என்பவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிற மாப்பிள்ளை. கொங்கு நாட்டில் மாமனார் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசும் வழக்கம் இல்லை. கட்டுரை எழுதத் தடையில்லை.

முழுக்களின் கூட்டலைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ரொம்ப எளிதான வழி ஒன்று உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அந்த 'மைனசும் மைனசும் ப்ளஸ்' மந்திரம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது வருடம் ஆனவரை எழுப்பிக் கேட்டால் அல்ஜீப்ரா சூத்திரமெல்லாம் பாதியில் நிற்கும். இது மட்டும் தடங்கலில்லாமல் வரும். அது பெருக்கலுக்குச் சொன்னது என்ற விவரம்தான் வராது. பாடநூலில் முழுக்களின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. வகுப்பு கூட்டலில் நிற்கும்போதே டியூஷன் பெருக்கலுக்குப் பாய்ந்துவிடுகிறது. நோட்டு வீட்டுக்கு வந்து சேரும்போது நாலு கணக்குக்கும் ஒரே மந்திரம்.

இதற்கெல்லாம் விதி எழுதிவைத்த கணிதர் பிரம்மகுப்தர் மேல் தப்பில்லை. இன்றைய ராஜஸ்தானில் இருக்கும் பின்மால் ஊர்க்காரர். 628-ஆம் ஆண்டில், முப்பது வயதில், பிராம்மஸ்புட சித்தாந்தத்தின் 18-ஆம் அத்தியாயத்தில் விதிகளை வரிசையாகவே வைத்தார். சொத்தோடு சொத்து சேர்ந்தால் சொத்து. கடனோடு கடன் சேர்ந்தால் கடன். சொத்தும் கடனும் சேர்ந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்; இரண்டும் சமம் என்றால் சுழி. கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்பது இதற்கெல்லாம் பிறகு வருகிறது. நம் ஆட்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஏழு வட்டிக்கடை ஏறி இறங்கியவருக்கு அதில் ஓர் ஆறுதல் இருக்கலாம்.

ஆனால் பிரம்மகுப்தர் வரைக்கும் போவானேன்? திருச்செங்கோடு இருக்கிறது.

இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் வந்து நிற்கும் ரிக் லாரியில் பெரும்பாலும் திருச்செங்கோட்டுப் பெயர் எழுதியிருக்கும். பல்லடம், சூலூர், அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்துக்காரருக்கு எண் கோடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அது அவர் காட்டில் நெட்டுக்குத்தலாக நிற்கிறது. தரை சுழி. தண்ணீர்த் தொட்டி மேலே 30 அடி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மைனஸ். நிலம் மட்டுமல்ல, பேங்க் பாஸ்புத்தகமும். தண்ணீர்ப் பாயிண்ட் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிறார். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் கல்லை வைக்கிறார். அந்தத் தேங்காய் நிலக்கடலைக்காட்டு நடுவில் நிற்குமே ஒழிய, லாரி வந்து போகத் தோதான வரப்போரத்தில் ஒருநாளும் நிற்காது. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். வண்டி வருகிறது. கேசிங் பைப் இறங்குகிறது. முதல் 300 அடிக்கு ஒரு ரேட். அதற்குமேல் நூறு அடிக்கு நூறு அடி ரேட் ஏறும். குழி இறங்க இறங்கக் கூலி ஏறுகிற இந்த ஏற்பாட்டில் இரண்டு குறிகளும் ஒரே மூச்சில் வேலை செய்கின்றன. 600 அடி போயாயிற்று. வெறும் புகை. வீட்டம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்க்கிறார். அது இன்னொரு மைனஸ். ரிக்காரர் கேட்கிறார்: "இன்னும் முந்நூறு போட்டுப் பார்க்கலாங்களா?"

இங்கேதான் மாப்பிள்ளையின் மந்திரம் வேலைக்கு வர வேண்டும். மைனஸ் 600-உடன் மைனஸ் 300. மைனசும் மைனசும் ப்ளஸ் என்றால், துளையிடும் ராடு இந்நேரம் பூமியைவிட்டுக் கிளம்பித் தோட்டத்துக்கு மேலே 900 அடி உயரத்தில் மேகத்தைத் துளைத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி நடந்தால் தண்ணீராவது கிடைத்திருக்கும். நடப்பது என்னவோ மைனஸ் 900-இல் இன்னும் கொஞ்சம் புகை, அல்லது புண்ணியம் இருந்தால் ஓர் இஞ்சுத் தண்ணீர். பிறகு சப்மெர்சிபிள் மோட்டாரை 850 அடியில் தொங்கவிட வேண்டும். எத்தனை ஸ்டேஜ் மோட்டார் என்று கடைக்காரர் கேட்பார். கீழே 850, மேலே 30, ஆக 880 அடி தள்ள வேண்டும் என்று தோட்டத்துக்காரர் பேனா எடுக்காமல் சொல்வார். மைனஸ் 850-உடன் 880-ஐக் கூட்டினால் ப்ளஸ் 30. குறி மாறின கூட்டல், சுத்தமாக. கை நாட்டு வைக்கிறவர்கூட இதில் தவற மாட்டார். அவருடைய பேரன் ஏசி வகுப்பில், ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வருடத்துக்கு லட்ச ரூபாய் ஃபீஸ் கட்டி, 8 என்று எழுதுகிறான்.

இதை வாட்ஸ்அப்பில் வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு ஆடியோவாக அனுப்பலாம் என்றிருந்தார் கட்டுரைக்காரர். பதினோரு நிமிடம் என்று தெரிந்ததும் மகள் போனை வாங்கி வைத்துவிட்டாள்.

வெள்ளைக்காரர்கள் ஒன்றும் உசத்தியில்லை. லண்டனில் ஃபிரான்சிஸ் மசெரெஸ் என்ற வக்கீல் 1758-இல் புத்தகமே போட்டு, குறை எண்கள் அல்ஜீப்ராவைக் குழப்புகின்றன என்று சண்டை பிடித்தார். பின்னால் அவருக்குக் கருவூல நீதிமன்றத்தில் பதவி கிடைத்தது. அங்கே கடனை எப்படி எழுதினாரோ. 2007-இல் பிரிட்டனில் 'கூல் கேஷ்' என்று ஒரு சுரண்டல் லாட்டரி வந்தது. சீட்டில் போட்டிருப்பதைவிடக் குறைந்த வெப்பநிலை சுரண்டலில் வந்தால் பரிசு. மைனஸ் 8 என்பது மைனஸ் 6-ஐவிடக் குறைவா கூடவா என்று கடைகளில் தகராறு வந்து, சீட்டையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஊட்டி அருகே தலைக்குந்தாவில் ஜனவரி மாதம் உறைபனி பார்க்க விடியக்காலை காரை நிறுத்தும் கோவைக்காரரிடம் இந்தத் தகராறே கிடையாது. மைனஸ் 2 என்றால் ஸ்வெட்டர், மைனஸ் 1 என்றாலும் ஸ்வெட்டர். முதலாவதை மட்டும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார். மத்தியானத்துக்குள் 20 டிகிரி ஏறினால் 18 என்பதையும் அவரே சொல்லிவிடுவார், மந்திரத்தைத் தொடாமல்.

அடுத்த வாரம் கழித்தல் பாடம்: (−3) − (−5). தொங்குகிற குழாயை மேலே உருவி எடுப்பதை வைத்து விளக்கிவிடலாம் என்று கட்டுரைக்காரர் ஒரு படம் வரைந்து, அடிக்கணக்கெல்லாம் குறித்து, தயாராக வைத்திருக்கிறார். மாப்பிள்ளை சனி, ஞாயிறுக்குக் குடும்பத்தோடு ஊட்டியில் ரூம் போட்டிருக்கிறாராம். மாமனாருக்குக் குளிர் ஒத்துக்காது என்று அவரே முடிவு செய்துவிட்டார்.