கண்ணுக்குள் ஒரு சீதனம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நயினாதீவில் கலியாணம் பேசுகிறபோது காணி, வீடு, நகை, காசு என்று நாலு கணக்குப் பார்ப்பார்கள். பெண் கண்ணாடி போட்டிருந்தால் ஐந்தாவதாக ஒன்றும் சேரும். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைக்குக் கண் எப்ப தொடக்கம் இப்பிடி?" என்று மட்டும் கேட்பா. அடுத்த கிழமை தரகர் கொண்டுவரும் தொகை கொஞ்சம் ஏறியிருக்கும்.

எனக்கு மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் நாகபூசணி அம்மன் கோபுரத்துக்கும் பக்கத்து வளவுப் பனைக்கும் வித்தியாசம் தெரியாது. சிங்கப்பூரில் இருந்த மாமா கணக்கில் கெட்டிக்காரர். கண்ணாடிக்காகச் சீதனத்தில் கூட்டிக் கொடுக்கிற காசில் பத்தில் ஒரு பங்கு போதும், பிள்ளைக்குக் கொன்ராக்ற் லென்ஸ் போடலாம் என்று கடிதம் எழுதி, காசும் அனுப்பினார். 1982இல் கொழும்பில் ஒரு கடையில் என் கண்ணை அளந்து, சுண்டுவிரல் நகத்திலும் சின்னதாக இரண்டு வில்லைகள் தந்தார்கள். வீட்டில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "அது போட்டாச்சோ?" என்றுதான் அம்மா கேட்பா.

"அது" வெறும் பிளாஸ்ரிக் இல்லை, போர் பார்த்த பிளாஸ்ரிக். பெர்ஸ்பெக்ஸ் என்று விற்பார்களே, அந்த இனம். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் கண்ணாடிக் கூண்டாக இருந்தது. கூண்டு உடைந்து துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போனபோதும் கண் அதை எதிர்க்காமல் சும்மா இருந்ததைக் கவனித்த லண்டன் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி, 1949இல் அதையே கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லையாக்கினார். அதற்கு ஒரு வருடம் முந்தி, 1948இல், அமெரிக்காவில் கெவின் டூயி என்பவர் அதே பொருளில் கருவிழியை மட்டும் மூடுகிற சின்ன லென்ஸைக் கடைந்திருந்தார். என் கண்ணுக்கு வந்தது அவருடைய வம்சத்துக் கடின லென்ஸ்.

அதில் ஒரு குறை இருந்தது. காற்றுப் புகாது. கருவிழிக்கு மேல் கண்ணாடி போல் கிடக்கிற விழிவெண்படலத்துக்கு இரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஒட்சிசனை அது வெளிக்காற்றிலிருந்துதான் எடுக்கிறது, கண்ணீர் வழியாக. அதன் மேல் பெர்ஸ்பெக்ஸ் மூடியைப் போட்டால், இமை வெட்டும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் அசைந்து அடியில் புதிதாகப் புகுகிற கண்ணீர்தான் அதற்கு மூச்சு. போதாத மூச்சு. மூச்சு முட்டிய படலத்துக்கு உணர்வும் மந்தமாகிவிடும். அதனால் பகல் முழுதும் நோகாது. மாலை கழற்றும்போதும் நோகாது. இரவு இரண்டு மணிக்கு, உணர்வு திரும்புகிற நேரம், இரண்டு கண்ணுக்குள்ளும் செத்தல் மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எழும்பும்.

அந்த நேரத்தில் எழும்புகிறவ ஆச்சி ஒராள்தான்.

"என்ன மோனை, கண்ணைப் பொத்திக்கொண்டு இருக்கிறாய்?"

"ஒண்டுமில்லை ஆச்சி, தூசி."

"ராத்திரி ரண்டு மணிக்கு எங்கத்தைத் தூசி?"

ஆச்சியிடம் மூன்று மருந்து இருந்தன. நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டு மூடிய இமைமேல் வைப்பது ஒன்று. பிள்ளை பெற்ற வீட்டில் கேட்டுத் தாய்ப்பால் வாங்கி இரண்டு துளி விடுவது மற்றது. இரண்டுக்கும் அடங்காவிட்டால் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் நேர்த்தி. பூவைக் கண்ணுக்கு வெளியே வைத்தவரை குளிர்ச்சிதான், தீங்கில்லை. தாய்ப்பாலை இன்றைக்கு எந்தக் கண் டொக்டரிடம் சொன்னாலும் கதிரையை விட்டு எழும்புவார். கண்மலருக்குத்தான் இன்றுவரை ஒரு மருத்துவரும் மறுப்புச் சொல்லவில்லை.

லென்ஸ் கழுவுகிற முறையைச் சொன்னால் அவர் எழும்பி வெளியிலேயே போய்விடுவார். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எண்ணித்தான். மற்றதெல்லாம் உவர். கொழும்பில் தந்த திரவம் முடிந்ததும் கொதித்தாறின தண்ணீர், அதுவும் இல்லாத இடத்தில் நாக்கு. லென்ஸை வாயில் போட்டு எடுத்துக் கண்ணில் வைப்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. கடின லென்ஸ் போட்ட உலகமே அப்படித்தான் செய்தது. வாயில் உள்ள கிருமியும், கிணற்றிலும் குழாயிலும் வாழ்கிற அகந்தமீபா என்ற ஒற்றை உயிரணுவும் கண்ணைக் குருடாக்கக்கூடியவை என்று பிற்பாடுதான் பேச்சு வந்தது.

ஆசிரியையாக முதல் நியமனம் நெடுந்தீவில். குறிகாட்டுவானில் குமுதினிப் படகில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டக் கடல். சோளகம் அடிக்கிற மாதங்களில் உப்புச் சாரல் முகத்தில் அறையும். இறங்கினால் முருகைக்கல் மதில்களின் சுண்ணாம்புத் தூள். நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் காட்டுக் குதிரையையும் பெருக்கு மரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்ப்பார்கள். நான் அவற்றைப் பார்த்ததெல்லாம் ஒரு கண்ணால்தான். மற்றக் கண்ணில் எப்போதும் ஒரு தூள் லென்ஸுக்கு அடியில் புகுந்து கீறிக்கொண்டிருக்கும். மென்மையான லென்ஸ் என்றால் கண்ணோடு ஒட்டிக் கிடக்கும். கடின லென்ஸ் சின்னது, விளிம்பு தூக்கினது. தூசிக்கு அது திறந்த படலை.

1984இல் கலியாணம். மாப்பிள்ளை வேலணை. அவருக்கு விஷயம் தெரியாது. மறுநாள் விடிய, லென்ஸ் டப்பியைத் தேடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்த என்னைக் கண்டுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். "உமக்குக் கண்ணாடிதான் வடிவாய்க் கிடக்கு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆனால் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். யாருடைய கண்ணுக்காக இத்தனை பாடோ அந்த மனுஷனுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. மாமிக்காகத்தான் அடுத்த பல வருடம் நான் கண்ணீர் விட்டது.

கண்ணீர் என்று சும்மா சொல்லவில்லை. 1985 மே 15ஆம் திகதி குமுதினிக்குள் புகுந்து ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டிக் கொன்றார்கள். நான் அந்தப் பயணத்தில் இல்லை. அதற்குப் பிறகு படகில் என் கண் கலங்கிச் சிவந்திருந்தால் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தூசி என்று பொய் சொல்லும் வேலை எனக்கு மிச்சம்.

1990 ஜூனில் போர் திரும்பவும் தொடங்கியது. தீவுப்பகுதி இராணுவத்திடம் போக, நாங்கள் வலிகாமத்துப் பக்கம் பெயர்ந்தோம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் ஒரு போத்தல் பவுண் விலை. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கின் புகைக்குள் இருந்து கொப்பி திருத்தினேன். ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து யாராவது பெடலைச் சுற்றுவார்கள், டைனமோவில் பிபிசி தமிழோசை வரும். பின்னாளில் ஒரு செய்தி வாசித்துச் சிரித்தேன். 1961 நத்தார் நாளில் பிராக் நகரத்தில் ஓட்டோ விக்டெர்லே என்ற வேதியியலாளர், பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிச் சாமானாலும் ஒரு சைக்கிள் டைனமோவாலும் இயந்திரம் கட்டி, உலகத்தின் முதல் மென்மையான லென்ஸ்களை வீட்டு மேசையில் வார்த்தாராம். டைனமோ எங்களிடமும் வீட்டுக்கு ஒன்று இருந்தது. லென்ஸ்தான் வரவில்லை.

வந்திருந்தாலும் எங்கே கழுவுவது? அந்தக் காலத்தில் கடின லென்ஸுக்கு ஒரு பெருமை உண்டு. சோறு தண்ணீர் கேட்காமல் பொருளாதாரத் தடைக்குள் அது கிடந்து உழைத்தது. கீறல் விழுந்து, கீறலில் அழுக்குப் படிந்து, மேலிமையின் உட்பக்கம் அதில் உரசி உரசிப் பருப்பருவாக எழும்பியது வேறு கதை. கீறலை மினுக்கக் கொழும்புக்குப் போகவேண்டும். போகப் புலிகள் இயக்கத்திடம் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். ஆளுக்காள் உயிர்ப் பிரச்சினையோடு வரிசையில் நிற்கிற இடத்தில், "லென்ஸில் கீறல்" என்று நான் எந்த வாயால் சொல்வது? அதே வருடங்களில் கொழும்பிலிருந்து விமானத்தில் கண்கள் போய்க்கொண்டிருந்தன. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், இலங்கையர் இறந்தபின் கொடுத்த விழிவெண்படலங்களைப் பல நாடுகளுக்கு இலவசமாக அனுப்பிய காலம். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. இரத்தக் குழாய் இல்லாத படலம் என்பதால்தான் அதை இன்னொருவர் கண்ணில் இலேசாக ஏற்றவும் முடிகிறது. என் கண்ணில் மூச்சுக்குத் தவித்ததும் அதே காரணத்தால்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்புக்குப் போய், காற்றுப் புகும் கடின லென்ஸ் மாற்றினேன். புதுச் சாமான் என்று சொல்லித் தந்தார்கள். மேல்நாட்டில் அது 1979இலேயே கடைக்கு வந்துவிட்டது. நான் முதல் லென்ஸ் வாங்கியபோதே அதற்கு மூன்று வயது.

இனி இந்தக் காலம்.

யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் என் மாணவியின் மகன். கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"ரீச்சர், எத்தினை வருசமாய் நோகுது?"

"நோகாத வருசம் எது எண்டு கேளும் தம்பி."

சிரித்துக்கொண்டே கணினியில் படத்தைக் காட்டினார். கருவிழியின் இரண்டு ஓரத்திலும், மணிக்கூட்டில் மூன்றும் ஒன்பதும் இருக்கிற இடத்தில், சாயம் பச்சையாக ஒளிர்ந்தது. கடின லென்ஸின் விளிம்புக்கு அப்பால் இமை சரியாகப் படாமல் காய்ந்து காய்ந்து புண்ணான இடம். மேலிமை கொஞ்சம் சரிந்திருந்தது. முதுமை என்று நினைத்திருந்தேன். வருடக்கணக்காக இமையை இழுத்து லென்ஸ் கழற்றியதற்கும் அதில் பங்கு உண்டாம். படலத்தின் வளைவும் லென்ஸின் வளைவுக்குப் பணிந்துபோயிருந்தது. அதனால் கண்ணாடிக்கு இப்போது அளவெடுத்துப் பயனில்லை. சில கிழமை, சிலருக்குச் சில மாதம், லென்ஸ் இல்லாமல் விட்டால்தான் படலம் தன் பழைய வடிவத்துக்கு வரும், அதற்குப் பிறகுதான் அளவு. அதுவரை? பாதி தெரியும் பழைய கண்ணாடி, பாதுகாப்பு இரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர், இமை விளிம்புக்கு இளஞ்சூட்டு ஒத்தடம். திரும்பவும் லென்ஸ்தான் வேண்டுமென்றால் வேறு வளைவில் புதிதாக அளந்து, குறைந்த மணித்தியாலம். அல்லது கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் தங்கி, அடியில் திரவம் தேக்கி வைக்கிற பெரிய லென்ஸ்.

ரொறன்ரோவில் இருக்கிற மகளிடம் சொன்னேன். வட்ஸப்பில் பாடம் எடுத்தாள். இருபது நிமிடத்துக்கு ஒருக்கால், இருபது அடி தூரத்தை, இருபது செக்கன் பார்க்கவேண்டுமாம். திரையைப் பார்க்கையில் இமை வெட்டுவது குறைகிறது, கடின லென்ஸுக்கு இமைவெட்டுத்தான் உயிர் என்பதெல்லாம் சரி. ஆனால் எங்கே திரும்பினாலும் கடலாகக் கிடக்கிற தீவில் பிறந்தவளுக்குத் தூரம் பார்க்கக் கற்றுக்கொடுக்க ரொறன்ரோ வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் சொன்னாள். என் பெறாமகள் ஒருத்தி பவர் இல்லாத வெறுங்கண்ணாடியை, தடித்த கறுப்புச் சட்டத்தோடு, வடிவுக்காக வாங்கிப் போட்டிருக்கிறாளாம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய படத்திலும் அதோடுதானாம். கண்ணாடி போட்டால் படித்த களை வருமாம்.

தீவுகளுக்கும் வெளிச்சத்தில் குறைவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரத் திட்டம் 2021இல் சீன நிறுவனத்துக்குப் போக, இந்தியா முகம் சுளிக்க, 2022இல் இந்தியாவின் நன்கொடையாக மாறியது. ஜாம் போத்தல் விளக்குக்கு எண்ணெய் தர ஒருவரும் இல்லாமல் இருந்த இடத்துக்கு, பல்பு எரிப்பது யார் என்று இரண்டு வல்லரசுகள் போட்டி.

மாமியை விட்டுவிட்டேன். கடைசிக் காலத்தில் அவவுக்குக் கண்புரை. சத்திரசிகிச்சை செய்து செயற்கை வில்லை வைத்தார்கள். ரிட்லியின் அதே பெர்ஸ்பெக்ஸ். கட்டு அவிழ்த்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, "பிள்ளை, உன்ரை கண் ஏன் இப்பிடிச் சிவந்து கிடக்கு?" என்று கேட்டா. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு முதல் கேள்வி. தூசி என்றேன். அவ கண்ணுக்குள் இருந்த பெர்ஸ்பெக்ஸ் ஒரு நாளும் நோகவில்லை.

ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழா. வெளிநாட்டுப் பிள்ளைகள் லென்ஸோடு வருவார்கள். காற்று, கற்பூரப் புகை, மண்டபத்துச் சனம், படகில் சாரல், எல்லாம் பழையபடிதான். கண் நொந்தால் தேய்க்க வேண்டாம், கிணற்றுத் தண்ணீரில் கழுவ வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். கழற்றுங்கள். கழற்றியும் சிவப்பும் நோவும் மாறாமல், வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அடுத்த படகில் யாழ்ப்பாணம் போய்க் கண்ணைக் காட்டுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற ஸ்டீரொயிட் சொட்டை விட்டுப் பார்க்காதீர்கள். பையில் பழைய கண்ணாடி ஒன்றையும் வைத்துக்கொண்டு வாருங்கள். குறிகாட்டுவானில் மோர் விற்பார்கள், கச்சான் விற்பார்கள், லென்ஸ் கழுவுகிற திரவம் விற்கமாட்டார்கள்.