ஒரு பெட்டி, ஒற்றைப் பிரதி

கூட்டுறவுச் சீட்டாட்டம் என்பது ஆடுவோர் ஒருவரையொருவர் வெல்ல முயலாமல், ஒன்றுசேர்ந்து ஆட்டத்தையே எதிர்க்கும் வகை. கையிருப்பிலிருந்து வேண்டிய சீட்டுகளைப் பொறுக்கித் தனக்கென அடுக்கிக்கொள்வது அதில் 'கட்டு அமைத்தல்' எனப்படும். 2016இல் வெளியான 'ஆர்க்கம் ஹாரர்' சீட்டாட்டத்தில், ஒரு கட்டில் ஒரே சீட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொள்ள விதி தாராளமாக அனுமதித்தது. ஆனால் அடிப்படைப் பெட்டியில் ஆடுவோருக்கான சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைப் பிரதியே இருந்ததால், விதி தந்த உரிமையை அனுபவிக்க அதே பெட்டியை இன்னொரு முறை வாங்குவது ரசிகர்களிடையே வழக்கமாயிற்று (உரிமைக்கு விலை உண்டென்பதைச் சட்டப் புத்தகங்கள்கூட இவ்வளவு நேர்மையாகச் சொல்வதில்லை). 2021இன் திருத்திய பெட்டியில்தான் இரண்டாம் பிரதி சேர்ந்தது.

காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களையே அருகே கொண்டுவரும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்க் கடைகளைச் சல்லடை போட்டுத் தேடினாலும் சாமையும் தேனும் அகப்படுமேயன்றி இரண்டாம் பெட்டி அகப்படாது. ஆகவே அங்கே ஒரே பழைய பெட்டியோடு அமரும் இருவர், ஆட்டத்தின் அரக்கர்களுக்கு எதிராக ஒன்றுபடுமுன், அந்த ஒற்றைச் சீட்டு யார் கட்டுக்கு என்பதிலேயே முட்டிக்கொள்ள நேரும். யாழ்ப்பாணத்தார் ஆடும் 304 என்னும் சீட்டாட்டத்திலோ, இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து, 52 சீட்டுகளில் 2 முதல் 6 வரையுள்ள 20ஐத் தாமாகவே ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய 32ஐக் கொண்டே விடிய விடிய ஆடுகிறார்கள்.