மாண்ட்விக்குப் போய்ப் புளியோதரை சாப்பிடுவது எப்படி?

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், புஜ் நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரமாக இருக்கிறது மாண்ட்வி. ருக்மாவதி ஆற்றங்கரையில் இன்றும் மரக்கப்பல் கட்டுகிறார்கள். விஜய் விலாஸ் அரண்மனை உண்டு. கடற்கரையில் ஒட்டகச் சவாரி உண்டு. இவற்றையெல்லாம் தாராளமாகப் பார்க்கலாம், ஆபத்தில்லை. ஆபத்து சாப்பாட்டில்தான். கொஞ்சம் அசந்தால் அந்த ஊர்ப் பண்டம் ஏதாவது வாய்க்குள் போய்விடும், பிடித்தும் தொலைத்துவிடும். அப்புறம் ஊர் திரும்பி எதைக் குறை சொல்வது?

கவலை வேண்டாம். கீழே உள்ள பயிற்சியில் பாதியை நீங்கள் ஏற்கெனவே நன்றாகவே செய்கிறீர்கள். மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

1. சரியான டூரைப் பிடியுங்கள்.

துவாரகை, சோமநாத், கட்ச் என்று வரிசையாக ஊர்ப்பெயர் போட்ட விளம்பரங்களில் ஊர்ப்பெயரைப் பார்க்காதீர்கள். ‘தென்னிந்திய சைவ உணவு வழங்கப்படும்’ என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சமையல்காரர், கேஸ் அடுப்பு, அண்டா எல்லாம் உங்களோடே வரும். சென்னையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, காலையில் ரவா உப்புமா, மதியம் புளியோதரை, இரவு ரசம் சாதம். இதற்குமேல் பத்திரமான ஏற்பாடு கிடையாது. இருந்தாலும் பையில் ஒரு பாட்டில் பருப்புப்பொடி வைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்?

2. எந்தப் பருவத்தில் எது கிடைக்காதோ அதைக் கேளுங்கள்.

டிசம்பரில் வெள்ளை ரண் என்னும் உப்புப் பாலையைப் பார்க்கப் போகிறவர் மாண்ட்வி சந்தையில் காரெக் கேட்க வேண்டும். காரெக் என்பது கட்ச் மண்ணின் பேரீச்சை. சிவப்பும் மஞ்சளுமாகக் குலையிலிருந்து பறித்து, கடித்தால் நறுக்கென்று உடையும் பதத்திலேயே தின்பார்கள். மரத்திலேயே கனியவிட்டால் மழை பிடித்துக் கெட்டுவிடும் என்பதால் ஜூன், ஜூலையிலேயே அறுவடை முடிந்துவிடும். 2024இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? “பேரீச்சம்பழ ஊர் என்றார்கள், ஒரு பழத்தைக் காணோமே!” என்று டிசம்பரில் அலுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் போகிறவர் ஊந்தியூ கேட்கட்டும். சூரத் பக்கத்து அவரை, சேனைவகைக் கிழங்குகள், கத்தரிப் பிஞ்சு, வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் சேர்ந்த அந்தக் கூட்டு, பனிக்காலக் காய்கறியை நம்பியது. ஜனவரி 14, பட்டம் விடும் உத்தராயண நாளில் வீட்டுக்கு வீடு கொதிக்கும். மே மாதம் உங்களுக்காக யாராவது உறைந்த காயைப் போட்டுக் கொதிக்க வைத்தால், அதைச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

3. காலையில் நன்றாகத் தூங்குங்கள்.

விடிந்ததும் ஃபாஃப்டா, காட்டியா கடைகளில் கூட்டம் சேரும். கடலைமாவை மரப்பலகையில் உள்ளங்கையால் இழுத்து, கத்தியால் வழித்து, நேரே எண்ணெயில் விடுவார்கள். கூடவே பப்பாளிக்காய்த் துருவலைத் தாளித்த சம்பாரோ, உப்புப் போட்டு வறுத்த பச்சைமிளகாய், சில கடைகளில் கடலைமாவுக் கடி. ஞாயிறு என்றால் ஜிலேபியும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் ஒன்பதரைக்கு எழுந்து ஓட்டலில் பிரெட்டும் ஜாமும் சாப்பிடுங்கள்.

தப்பித்தவறிக் கடைக்குப் போய்விட்டால் மிளகாயைத் தொடாதீர்கள். காரமே இல்லை என்று பிற்பாடு புகார் சொல்ல அது உதவும்.

4. தபேலியை முறியடியுங்கள்.

இதுதான் தலையாய பாடம். தபேலி பிறந்த ஊரே மாண்ட்விதான். 1960களில் கேஷவ்ஜி காபா சூடாசமா என்பவர் தொடங்கி வைத்தது என்று சொல்வார்கள். பாவ் என்னும் பன்னைப் பிளந்து இனிப்புப் புளிச்சட்னியும் பூண்டுச்சட்னியும் தடவி, பட்டையும் கிராம்பும் மல்லியும் மணக்கிற மசாலாவில் பிசைந்த உருளைக்கிழங்கை அடைத்து, மசாலா வேர்க்கடலையும் மாதுளை முத்தும் திணித்து, கல்லில் வாட்டிக் கொடுப்பார்கள். ஒரே கடியில் இனிப்பு, புளிப்பு, உறைப்பு, மொறுமொறுப்பு எல்லாம் வந்து சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த பண்டம்.

ஆகவே கணக்கைக் குலையுங்கள். முதலில் இனிப்புச் சட்னி வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்து பூண்டு. அடுத்து கடலை, பல்லில் மாட்டும். பாவுக்குள் மாதுளையா, சேச்சே. எண்ணெய் இல்லாமல் வாட்டச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு வாய்வு என்றும் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் ஜாக்கிரதை: ஜைனர்களுக்காக வாழைக்காயில் தபேலி செய்யும் கடைகள் உண்டு, சிரித்த முகத்தோடு அதை நீட்டிவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் சீஸ் கேளுங்கள். கடைசியில் கைக்கு வருவது சீஸ் வைத்த வெறும் பாவாக இருக்க வேண்டும். ஒரு வாய் கடித்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு பேச்சு? வடாபாவே தேவலையே” என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. முகத்தை வைத்துப் புரியவைக்கலாம்.

பக்கத்து வண்டியில் கடக் விற்பார்கள். மொறுமொறு பாவை உடைத்துப் போட்டு, மேலே உருளைக்கிழங்கு மசாலாவும் சட்னியும் ஊற்றித் தருவது. ரஸ்க் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

5. சாப்பாட்டைத் தலைகீழாகச் சாப்பிடுங்கள்.

குஜராத்தி முழுச்சாப்பாட்டில் நெய் தடவிய ரொட்டியும் கறிவகையும் முதலில் வரும்; சோறும் பருப்பும் கடைசியில். நீங்கள் உட்கார்ந்ததுமே சோறு கேளுங்கள். ஒருவரும் தராவிட்டால் குரலை உயர்த்துங்கள். வந்ததும் பருப்பைச் சாம்பார் என்று முடிவுகட்டி மூன்று கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள். அதில் வெல்லம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். அதிர்ச்சி அடையுங்கள். கடியை மோர்க்குழம்பு என்று நினைத்து இன்னொரு தடவை அதிர்ச்சி அடையலாம்.

ஸ்ரீகண்டை அவர்கள் பூரியோடு தொட்டுச் சாப்பிடுவார்கள். நீங்கள் கடைசிக்கு என்று ஒதுக்கி வையுங்கள், அது தளர்ந்து தட்டெல்லாம் ஓடும் வரை. டோக்ளா, பாத்ரா போன்ற ஃபர்சாண் வகையை டிபன் என்று தள்ளுங்கள். சாஸ் என்னும் மோரை வேண்டிய மட்டும் ஊற்றுவார்கள். அதைத் தொடாமல் கெட்டித் தயிர் எங்கே என்று கேளுங்கள்.

பரிமாறுகிறவர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாத்திரத்தோடு திரும்பத் திரும்ப வருவார். விருந்தோம்பல் அது. பில்லைக் கூட்டப் பார்க்கிறார் என்று மனைவியிடம் காதோடு சொல்லுங்கள். அளவில்லாச் சாப்பாட்டுக்கு ஒரே விலைதான் என்பது போகும்போது தெரிந்துகொண்டால் போதும்.

6. ரொட்லோவைப் படம் பிடியுங்கள்.

கம்புமாவைக் கையால் தட்டி மண் ஓட்டில் சுட்டு, வெண்ணெய் உருக உருகத் தருவார்கள். பக்கத்தில் வெல்லம், பூண்டுச் சட்னி, சுட்ட கத்தரிக்காய் ஓலோ. சூட்டோடு பிய்த்தால்தான் ருசி. எனவே மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், மச்சானை வைத்து ஒரு படம், பிறகு வீடியோ. கூரை ஓடு மாதிரி விறைத்த பின் சாப்பிட ஆரம்பியுங்கள். கம்பு நம் ஊரிலும் விளைவதுதான், நீங்கள் கூழ்கூடக் குடித்ததில்லை என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

7. மதியம் இரண்டு மணிக்குக் கடைவீதிக்குப் போங்கள்.

கட்ச், சௌராஷ்டிரா ஊர்களில் உண்டுவிட்டு ஒரு தூக்கம் போடுகிற வழக்கம் உண்டு. கதவுகள் சாத்தியிருக்கும். “செத்த ஊர்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். நாலு மணிக்கு மேல் திறப்பார்கள், அதற்குள் வண்டி புஜ் போய்விடும்.

8. பஸ்ஸிலேயே விமர்சனம் எழுதுங்கள்.

ஆற விடாதீர்கள், நியாயம் தோன்றிவிடும். “குஜராத் சாப்பாடு முழுக்க இனிப்பு” என்று தொடங்குங்கள். கட்ச் சமையலில் பூண்டும் மிளகாயும் தூக்கல், இனிப்பு குறைவு என்று யாராவது பதில் எழுதினால், நேரில் போய் வந்தவன் நான் என்று அடித்துச் சொல்லுங்கள். இட்லி கிடைக்காததற்கு ஒரு நட்சத்திரம், காபிக்கு ஒரு நட்சத்திரம் குறைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரருக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் போட மறக்காதீர்கள். இந்தப் பயணத்தில் நீங்கள் உண்மையாகச் சாப்பிட்டது அவர் கையால்தான்.