வெடுக்கென்று இழுத்தவர்

பிளம்பர் குழாய் மரையில் வெள்ளையாக ஒரு டேப்பைச் சுற்றுவாரே, பார்த்திருப்பீர்கள். அதை இன்னும் சல்லிசாகத் தயாரிக்க முடியுமா என்பதுதான் 1969-ல் பாப் கோரின் கவலை. அமெரிக்காவில் டெலவேர் மாநிலம், சொந்தமாக அப்பா கம்பெனி, கெமிக்கல் இன்ஜினீயரிங்கில் டாக்டர் பட்டம். இத்தனை பரிவாரமும் ஒரு குழாய் ஒழுகலை எதிர்த்துக் கிளம்பியது!

டேப்பின் மூலப்பொருள் டெஃப்லான். அது பிறந்த விதமே ஒரு கூத்து. 1938-ல் டூபான்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் என்ற இளைஞர் ஃபிரிட்ஜுக்குப் புதிய வாயு தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை போட்டால், எடை குறையவும் இல்லை. நாமாக இருந்தால் ஏஜென்சிக்கு போன் போட்டுக் கத்தியிருப்போம். அவர் சிலிண்டரையே அறுத்துப் பார்த்தார். உள்ளே வழவழவென்று வெள்ளைப் பொடி. ஃபிரிட்ஜுக்குக் கிளம்பியவர் தோசைக்கல்லில் போய்ச் சேர்ந்தார்.

பாப்புக்கு வருவோம். டெஃப்லான் கம்பியைச் சூடாக்கி இழுத்து நீட்டினால் அதே சரக்கில் கூடுதல் டேப் கிடைக்கும். கடையில் துணி அளப்பவர்களுக்கு என்றைக்கோ தெரிந்த வித்தைதான். ஆனால் மெதுவாக, பக்குவமாக இழுக்க வேண்டும் என்பது துறை வல்லுநர்களின் வேதவாக்கு. இழுத்தார். பட்! சூட்டை மாற்றி, இன்னும் மெதுவாக இழுத்தார். மறுபடி பட்! கடைசியில் கடுப்பாகி, சூடான கம்பி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று ஒரே இழுப்பு. அறுந்து விழவேண்டிய கம்பி, ஜவ்வு மிட்டாய் மாதிரி கை விரிந்த தூரத்துக்கு நீண்டது. கிட்டத்தட்ட பத்து மடங்கு! நீண்ட அளவுக்கு இளைக்கவும் இல்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்ன பெரியவர்கள் டெஃப்லானை இழுத்துப் பார்த்ததில்லை போலும்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் குட்டிக் குட்டி முடிச்சுகள், அவற்றை இணைக்கும் நுண்ணிழைகள், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். மொத்தத்தில் சுமார் 70 சதவீதம் வெறும் காற்று. காற்றை விற்றுக் காசாக்கிய முதல் ஆள் இவரில்லை என்றாலும், இவ்வளவு நாணயமாக விற்றவர் வேறு யாரும் இருக்க முடியாது.

வியர்வை ஆவி அந்த ஓட்டைகளில் வெளியேறும், மழைத்துளி நுழையாது. 1976 வாக்கில் இந்தச் சரக்கை வைத்துச் செய்த கோர்-டெக்ஸ் துணி கூடாரமாகவும் மழைக்கோட்டாகவும் கடைக்கு வந்தது. ஆஹா என்று வாங்கிப் போட்டவர்களின் உடம்பு எண்ணெய் ஓட்டைகளில் இறங்க, கோட்டு ஒழுக ஆரம்பித்தது. பிறகு மேலே ஒரு பூச்சு கொடுத்துச் சரிசெய்தார்கள். இயற்கையை ஜெயித்த துணியை மனுஷப் பிசுக்கு கவிழ்க்கப் பார்த்தது.

மருத்துவக் கதை இதைவிட அலாதி. எல்.ஐ.சி. ஏஜென்ட்கூடப் பனிச்சறுக்கு மலையில் தொழில் பேசமாட்டார். அப்பா பில் கோர் பேசினார். 1971-ல் உடன் வந்த சர்ஜன் பென் ஐஸ்மனிடம், பாக்கெட்டிலிருந்து இதே நீட்டிய டெஃப்லானில் செய்த ஒரு சின்னக் குழாயை எடுத்துக் காட்டினார். இது எதற்கு என்று டாக்டர் கேட்க, தயாரித்தவருக்கே தெரியவில்லை! டாக்டர் வாங்கிப்போய் ஒரு பன்றிக்கு ரத்தக்குழாயாக வைத்துத் தைத்தார். ரத்தம் ஜோராக ஓடியது. 1975-ல் அது செயற்கை ரத்தக்குழாயாக விற்பனைக்கு வந்தது. பனிமலையில் பன்றிக்கு அடித்த யோகம், மனிதர்களுக்கு வந்துசேர நாலு வருஷம்.

எல்லாம் சரி, கோர்ட்டில்தான் குண்டு வெடித்தது. கார்லாக் என்ற கம்பெனி தங்கள் காப்புரிமையை மீறிவிட்டதாக கோர் கம்பெனி வழக்குப் போட, எதிர்த்தரப்பு நியூசிலாந்திலிருந்து ஒரு பெயரைத் தோண்டி எடுத்தது: ஜான் குரோப்பர். 1966-லேயே டெஃப்லானை இழுத்து நீட்ட மெஷின் கட்டியவர். என்ன செய்தார் அதில்? அதே குழாய் டேப்! வழிமுறையை யாரிடமும் மூச்சுவிடாமல், மெஷின் வாங்கியவரிடமும் வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, காப்புரிமையும் கேட்காமல் இருந்துவிட்டார். ஊருக்கே மறைத்து வைத்தவருடைய முந்துரிமையைக் காட்டி, விவரத்தை வெளியிட்டவரின் காப்புரிமையைக் கவிழ்க்க முடியாது என்று 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாவம் குரோப்பர். ரகசியத்தைக் கட்டிக் காக்க ஆசைப்பட்டார், அதை ரொம்பச் சரியாகவே செய்துவிட்டார்.