லால்பாக்கைப் பார்க்காமல் திரும்புவது எப்படி?

பெங்களூரு லால்பாக் 240 ஏக்கர். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்கள். இவ்வளவு பெரிய தோட்டத்துக்குள் காலையில் நுழைந்து, மாலை வரை கால் வலிக்கச் சுற்றி, எதையுமே பார்க்காமல் வெளியே வருவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேன் பிடித்து வரும் நம் குடும்பங்கள் இதில் பெற்றிருக்கும் தேர்ச்சி அபாரமானது. புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று அதன் முறைகளை எழுதிவைக்கிறேன்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். சாதாரண செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். அந்நேரம் ஆளரவம் குறைவு. மரங்கள் கண்ணில் பட்டுத் தொலைக்கும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை மலர்க்காட்சி நடக்கிறது. அதிலும் விடுமுறை நாளாகத் தேர்ந்தெடுத்து, பதினோரு மணி வெயிலுக்குப் போய்ச் சேருங்கள். பூ தெரியாது, முன்னால் போகிறவரின் பிடரி நன்றாகத் தெரியும்.

அடுத்தது ஆள் சேர்ப்பது. மூன்று தலைமுறையும் இருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர் ஒருவர், கைக்குழந்தை ஒன்று, புதுச் செருப்பு போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி கட்டாயம். வழிகாட்டியாக, பெங்களூரிலேயே பத்துப் பதினைந்து வருடமாகக் குடியிருக்கும் மாப்பிள்ளையை அழைத்துக்கொள்ளுங்கள். லால்பாக்குக்கு மிக அருகில் குடியிருப்பவர் என்றால் இன்னும் நல்லது. அவர் அதற்குள் கால் வைத்திருக்கவே மாட்டார்.

மாப்பிள்ளை வேனில் வராமல் வீட்டிலிருந்து நேராக வந்துவிடுவதாகச் சொல்வார். சம்மதியுங்கள். தோட்டத்துக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. அதனால் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“மாப்ள, எங்க இருக்கீங்க?”

“கேட்டுலதான் மாமா நிக்கிறேன்.”

“நாங்களும் கேட்டுலதான் நிக்கிறோம். நீங்க எந்தக் கேட்டு?”

“பெரிய கேட்டு மாமா.”

“இதுவும் பெருசாத்தான் இருக்கு.”

“பக்கத்துல ஒரு மரம் இருக்கும் பாருங்க.”

தாவரவியல் பூங்காவில் மரத்தை அடையாளம் சொன்ன மனிதரை நம்பி முக்கால் மணி நேரம் தாராளமாகச் செலவழிக்கலாம். பெரியப்பா பொறுமையிழந்து, எதிரே வரும் தோட்டக்காரரிடம் தனக்குத் தெரிந்த கன்னடத்தில், “ஸ்வாமி, மெயின் கேட் எல்லிதெ?” என்று கேட்பார். “நேரா போய் சோத்தாங்கை பக்கம் திரும்புங்க” என்று அவர் தமிழிலேயே சொல்வார். பெரியப்பா அதற்கும் கன்னடத்தில்தான் நன்றி சொல்வார். தடுக்காதீர்கள்.

உள்ளே போனதும் எல்லோருக்கும் தெரிந்த பெயர் கண்ணாடி மாளிகை. 1889-இல் இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் விக்டர் வந்திருந்தபோது அடிக்கல் நாட்டியது. லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனத்தில் வைத்துக் கட்டினார்கள். வார்ப்பிரும்புச் சட்டங்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி வந்தன. இதையெல்லாம் நிமிர்ந்து பார்த்தால்தான் அறிய முடியும். மலர்க்காட்சி நாளில் நிமிர்ந்தால் பின்னால் வருகிறவர் மேலே இடித்துவிடுவார். ஆகவே வரிசையோடு நகருங்கள். நடுவில் லட்சக்கணக்கான பூக்களால் ஏதாவதொரு கட்டடமோ தலைவர் உருவமோ செய்து வைத்திருப்பார்கள். அதற்கு முதுகைக் காட்டி நின்று கைப்பேசியை உயர்த்துங்கள். படத்தில் உங்கள் முகம் முக்கால் பங்கும், காதோரம் கொஞ்சம் சாமந்தியும் விழும்.

ஓசூர் பக்கம் பூ விவசாயம் பார்க்கும் சித்தப்பா ஒருவர் கூட வந்திருந்தால் இந்தக் கட்டம் இன்னும் சுலபம். அவர் பூவைப் பார்க்க மாட்டார், விலையைப் பார்ப்பார். “இந்த ரோஜா பூராவும் காதலர் தினத்துக்கு நிறுத்தி வெச்சிருந்தா என்னா காசு!” என்று ஆரம்பித்து, பசுமைக்குடில் மானியம், சொட்டுநீர்க் குழாய், ராயக்கோட்டை மண்டிக் கமிஷன் என்று வெளிவாசல் வரைக்கும் கணக்குச் சொல்லிக்கொண்டே வருவார். உண்மையில் அந்தக் கூட்டத்தில் பூவைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

பிறகு பாறை. லால்பாக்கில் தவறவே விடக்கூடாத இடம் என்பதால் இங்கே கூடுதல் கவனம் தேவை. ஏறுவதற்குச் சிரமமில்லாத, வழுவழுப்பான பெரிய குன்று. வயது சுமார் 300 கோடி ஆண்டு. இந்தியத் தட்டு போய் ஆசியாவில் முட்டி இமயமலை எழும்பத் தொடங்கியது ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான். இந்தப் பாறைக்கு இமயமலை நேற்றுத் தொட்டிலில் போட்ட பிள்ளை. தென்னிந்தியாவின் அடித்தளமாக விரிந்து கிடக்கும் இந்த வகைப் பாறைக்கு மைசூர் அரசின் புவியியலாளர் ஸ்மீத் 1916-இல் தீபகற்ப நைஸ் என்று பெயர் வைத்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறது. அதற்கொரு கல்வெட்டும் உண்டு. சாய்ந்துகொள்ள வசதியானது. புதுச் செருப்புப் பெண் அங்கே உட்கார்ந்து கொப்புளத்தைப் பார்க்கட்டும். மற்றவர்கள் வெயிலில் பாறை சுடுகிறது என்று சொல்லிவிட்டு இறங்கலாம்.

பாறையின் உச்சியில் சின்ன கோபுரம் ஒன்று தெரியும். பெங்களூரை உண்டாக்கிய கெம்பேகவுடா பரம்பரையினர் ஊர் எல்லை என்று நாலு திசையிலும் எழுப்பிய நாலு கோபுரங்களில் இது ஒன்று. ஊர் இவற்றைத் தாண்டி வளர்ந்தால் கேடு வரும் என்றொரு கதை சொல்வார்கள். ஓசூர் ரோட்டில் வந்து சில்க் போர்டு சிக்னலில் நின்றவர்கள் அதை வெறும் கதை என்று தள்ள மாட்டார்கள்.

மரங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றிலும் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும். பிள்ளைகள் படித்துவிட்டு, “தாத்தா, இது என்ன மரம்?” என்று கேட்கும். “ஏதோ வெளிநாட்டு மரம்டா” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். இதில் ஒரே ஒரு ஆபத்து, பெரும்பாலும் அந்தப் பதில் சரியாக இருந்துவிடும். தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. செம்மயிற்கொன்றைக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். ஜகரண்டா தென் அமெரிக்கா. ஹைதர் அலி 1760-இல் தோட்டத்தை ஆரம்பித்த நாளிலிருந்து, திப்பு, பிறகு வந்த ஐரோப்பியக் கண்காணிப்பாளர்கள் என்று எல்லோரும் செடி வரவழைத்தபடியே இருந்திருக்கிறார்கள்.

அவர்களில் எனக்குப் பிடித்தவர் க்ரும்பீகல். ஜெர்மானியர், லண்டன் கியூ தோட்டத்தில் வேலை கற்றவர். 1908 முதல் 1932 வரை லால்பாக் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு மரம் பூத்து முடிக்கும்போது இன்னொன்று பூக்கத் தொடங்க வேண்டும், வருடம் முழுக்க ஏதாவது ஒரு தெருவில் பூ இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு ஊருக்கு மரம் தேர்ந்தெடுத்த மனிதர். உலகப் போர் வந்ததும், ஜெர்மன்காரன் என்று அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். வெளியே வந்த பிறகும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1956-இல் பெங்களூரிலேயே இறந்தார். மார்ச்சில் ஊதாவும் ஏப்ரல், மே மாதங்களில் சிவப்புமாகச் சாலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கும்போது, மேம்பாலம் கட்டுகிறவர்களுக்கு இவரைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கலாமே என்று தோன்றும். போகட்டும், நாம் வந்தது பார்க்காமல் இருப்பதற்கு.

வழியில் கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்று கிடத்தப்பட்டிருக்கும். இரண்டு கோடி ஆண்டு பழையது. திண்டிவனத்துக்குப் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது. ஆக, நம்ம ஊர்க்காரர். திருவக்கரை என்ற எழுத்தைக் கண்டதும் அத்தை நின்றுவிடுவார். “வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போயி எத்தினி நாளாச்சு! வர்ற பௌர்ணமிக்குப் போயே ஆவணும்” என்பார். வேன் வாடகை, யார் யார் வருவது, ராத்திரி எங்கே தங்குவது என்று பேச்சு அங்கேயே கூடிவிடும். இரண்டு கோடி ஆண்டு அப்படியே கிடக்கட்டும்.

எச்.எம்.டி. கொடுத்த மலர்க் கடிகாரத்தைச் சுற்றி ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும் நிற்பார்கள். கடிகாரத்தில் மணி பார்த்துவிட்டு, சரிதானா என்று கைப்பேசியில் இன்னொரு முறை பார்ப்பது மரபு. ஏரிக்கரைப் பக்கம் ஜோடிகள் உட்கார்ந்திருப்பார்கள். பெரியப்பாவை அந்தப் பக்கம் விடாதீர்கள். விடாவிட்டாலும் போவார்.

கும்பல் இதற்குள் மூன்றாகப் பிரிந்திருக்கும். சேருவதற்கு இடம், பிரம்மாண்டமான அந்த இலவ மரத்தடி. இருநூறு வருடம் இருக்கும் என்கிறார்கள். பலகை பலகையாக மடிந்து இறங்கும் அதன் வேர்களுக்கிடையில் ஓர் ஆள் நின்றால் தெரியாது. உங்கள் பங்குக்கு நீங்களும் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வருகிறோம் வருகிறோம் என்று சொன்னவர்களை எதிர்பார்த்துப் பாதையையே பாருங்கள். இலவு காத்த கிளிக்காவது மேலே ஒரு காய் தெரிந்தது. அந்நேரம் அவர்கள் ஹாப்காம்ஸ் கடையில் திராட்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

வெளியே வந்தால் லால்பாக் ரோட்டில் எம்.டி.ஆர். ஓட்டல். 1924-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ரவையில் இட்லி செய்து பார்த்ததில் பிறந்ததுதான் ரவா இட்லி என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. விடுமுறை நாளில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். நாள் முழுக்க ஓரிடத்தில் ஐந்து நிமிடம் நிற்க மறுத்த பெரியப்பா, இங்கே ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பார். உள்ளே போகும் ஒவ்வொரு தட்டையும் கூர்ந்து பார்ப்பார்.

வேனில் ஏறும்போது சித்தி தள்ளுவண்டிக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார். தர்மபுரியைவிடக் கிலோவுக்கு எட்டு ரூபாய் மலிவு என்று சௌசௌ வாங்குவார். கண்ணாடி மாளிகை எழும்பிய காலத்தில் லால்பாக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் கேமரூன்தான் இந்தக் கொடியை எங்கிருந்தோ கொண்டுவந்து இந்தப் பக்கங்களில் பரப்பினார் என்று சொல்வதுண்டு. அதையெல்லாம் இப்போது எடுத்தால் டிரைவர் ஹாரன் அடிப்பார். முற்றலா என்று நகத்தால் கீறிப் பார்த்து, மூன்று கிலோவாகவே வாங்கிப் போடச் சொல்லுங்கள். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் பதினாலு பேருக்குக் காணும்.